ஒன்ராறியோக் குளிர்காலத்தில் வெளிப்புறச் சுடுநீர்த் தொட்டி: பராமரிப்புக்கும் குளியலுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள மார்க்கம், ஏஜக்ஸ், பிராம்ப்டன் போன்ற நகரங்களிலும் வீட்டின் பின்முற்றத்தில் ஹாட் டப் எனப்படும் சுடுநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களில் சிலர், முதற்பனி விழுந்ததும் அதை வடித்து மூடிவிடுகிறார்கள். தொட்டி உறைந்து உடைந்துவிடும் என்பதும் மின் கட்டணம் தாங்க முடியாமல் போகும் என்பதும் அவர்களின் அச்சம். இரண்டுக்கும் காரணம் உண்டு. ஆனால் இரண்டையும் நவம்பர் மாதத்திலேயே பெருமளவு தீர்த்துவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் சூடான நீர் உறைவதில்லை. உறைவது நின்றுபோன நீர்தான். ஆகவே குளிர்காலப் பராமரிப்பு முழுவதும் மூன்று காரியங்களுக்குள் அடங்கிவிடுகிறது: நீர் இடைவிடாமல் ஓட வேண்டும், சூடு மூடிக்குள்ளேயே தங்க வேண்டும், நீர் தூய்மையாக இருக்க வேண்டும். கனமான வேலைகளை உறைபனிக்கு முன்பே முடித்துக்கொண்டால், ஜனவரியில் வாரத்துக்குச் சிறிது நேரம் ஒதுக்கினால் போதும்.

முதற்படி: உறைபனிக்கு முன் நீரை மாற்றுதல்

தொட்டி நீரை மூன்று அல்லது நான்கு மாதங்களுக்கு ஒரு முறை முழுவதுமாக மாற்ற வேண்டும். இந்தக் கணக்கை நவம்பர் முற்பகுதியில் தொடங்கும்படி அமைத்துக்கொண்டால், அடுத்த மாற்றம் பனி கரையும் மார்ச் மாதத்தில்தான் வரும். கடுங்குளிரில் தொட்டியை வடிக்கும் நிலைக்கு ஆளாகாமல் இருப்பதே இந்தத் திட்டத்தின் நோக்கம்.

வடிப்பதற்கு முன்தினம், குழாய்களின் உட்சுவரில் படிந்திருக்கும் நுண்ணுயிர்ப் படலத்தை நீக்கும் திரவத்தைப் பழைய நீரில் ஊற்றி, பீச்சுக்குழல்கள் எல்லாவற்றையும் திறந்துவைத்து, அதன் பொட்டலத்தில் கூறியுள்ள நேரம்வரை ஓடவிட வேண்டும். நீரின் மேற்பரப்பில் பழுப்பு நிறத்தில் அழுக்கு நுரைத்து எழுவதைப் பார்த்தால், இந்த வேலையைத் தவிர்த்திருக்கவே கூடாது என்பது விளங்கும். பிறகு மின்பெட்டியில் தொட்டிக்குரிய இணைப்பைத் துண்டித்துவிட்டே வடிக்கத் தொடங்க வேண்டும். நீரின்றி வெப்பமூட்டி இயங்கினால் அது எரிந்துபோகும். குளோரின் கலந்த நீரைத் தெருவோர மழைநீர் வடிகாலில் விடக் கூடாது. அந்த வடிகால்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்லாமல் ஓடைகளையும் ஏரியையும் அடைவதால், அங்குள்ள மீன்களுக்கு அது நஞ்சாகிவிடும். சில நாட்கள் மருந்திடாமல் விட்டுக் குளோரின் அளவு இறங்கிய பின்பு, நகராட்சியின் விதிக்கேற்ப வெளியேற்றுவதே முறை.

வெறுமையான தொட்டியின் சுவரை மென்மையான துணியால் துடைத்தால் போதும். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைப் பயன்படுத்தினால், அதன் எச்சம் பல வாரங்களுக்கு நுரையாகத் தொல்லை தரும். நிரப்பும்போது குழாயின் முனையை வடிகட்டி வைக்கும் குழிக்குள் நுழைத்து நிரப்புவது நல்லது. அப்போது நீர் கீழிருந்து மேலாகக் குழாய்களை நிறைத்துக் காற்றை வெளியே தள்ளிவிடும். இல்லாவிட்டால் பம்பில் காற்று அடைத்துக்கொண்டு, மோட்டார் ஒலித்தாலும் நீர் நகராமல் நிற்கும். பம்பின் இணைப்பு வளையத்தைச் சற்றே தளர்த்திக் காற்றை வெளியேற்றினால் அது சரியாகும்.

புதிதாக நிரப்பிய நீர் சூடேற எவ்வளவு நேரமாகும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளலாம். 1500 லீற்றர் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 1.75 கிலோவாட் மணி மின்சாரம் தேவைப்படும். 5 பாகையில் வரும் குழாய் நீரை 39 பாகைக்குக் கொண்டுவருவதற்கு 60 கிலோவாட் மணி அளவு செலவாகும், 5.5 கிலோவாட் வெப்பமூட்டி அதை முடிக்கப் பதினொரு மணி நேரமேனும் எடுக்கும். காலையில் நிரப்பினால் இரவில் குளிக்கலாம் என்று விருந்தினரை அழைத்துவிடாமல் இருப்பது நல்லது.

இரண்டாம்படி: நீரின் சமநிலை

மருந்திடுவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் காரத்தன்மையை 80 முதல் 120 பிபிஎம் (பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு) வரைக்கும், அடுத்து நீரின் அமில நிலையைக் காட்டும் பிஎச் அளவை 7.2 முதல் 7.8 வரைக்கும், பிறகு கால்சியக் கடினத்தன்மையை 150 முதல் 250 பிபிஎம் வரைக்கும் கொண்டுவர வேண்டும். கிருமிநாசினி அதற்குப் பின்புதான். காரத்தன்மை நிலைகொள்ளாவிட்டால் பிஎச் அளவு நாளுக்கு நாள் அலையும். பிஎச் உயர்ந்துவிட்டால் இட்ட குளோரினின் வலிமை வெகுவாகக் குறைந்துவிடும். பீச்சுக்குழல்கள் காற்றைக் கலக்கும்போது நீரிலுள்ள கரியமில வாயு வெளியேறுவதால், தொட்டியில் பிஎச் இயல்பாகவே மேல்நோக்கிச் செல்லும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

எந்த நகரத்து நீர் என்பதும் முக்கியம். ஒன்ராறியோ ஏரியிலிருந்து வரும் ரொறன்ரோ நீரின் கடினத்தன்மை நடுத்தரமானது. அதில் பெரிதாக எதையும் சேர்க்கத் தேவையிருக்காது. நிலத்தடி நீரை நம்பியிருக்கும் குவெல்ஃப், கிச்சனர் போன்ற இடங்களில் கடினத்தன்மை மிக அதிகம் என்பதால், வெப்பமூட்டியின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு படியும். அதற்கு அஞ்சி வீட்டிலுள்ள மென்னீராக்கியின் நீரால் மட்டும் தொட்டியை நிரப்புவதும் தவறு. கால்சியம் இல்லாத நீர் உலோகப் பகுதிகளை அரிக்கும். இரண்டையும் கலந்து நிரப்புவதே சரியான வழி.

கிருமிநாசினியாகக் குளோரினைப் பயன்படுத்தினால் எப்போதும் குறைந்தது 3 பிபிஎம், புரோமினைப் பயன்படுத்தினால் குறைந்தது 4 பிபிஎம் இருக்க வேண்டும். நீச்சல் குளங்களில் இடும் டிரைகுளோர் வில்லைகளை இதில் போடக் கூடாது. அவற்றின் கடும் அமிலத்தன்மை அக்ரிலிக் சுவரைக் கெடுக்கும். தூளாகக் கிடைக்கும் டைகுளோர் பொருத்தமானது. 1500 லீற்றர் நீரில் குளோரினை 3 பிபிஎம் உயர்த்துவதற்கு ஏறத்தாழ 8 கிராம் டைகுளோர் போதும் என்பதால், கை அளவை நம்பாமல் சிறிய தராசு ஒன்றை வைத்துக்கொள்வது பயனுள்ளது. டைகுளோரால் 10 பிபிஎம் குளோரின் சேரும்போது 9 பிபிஎம் சயனூரிக் அமிலமும் சேர்கிறது. அது ஆவியாவதுமில்லை, சிதைந்து போவதுமில்லை. மாதக்கணக்கில் திரண்டு குளோரினின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. பார்வைக்குத் தெளிவாக இருக்கும் நீரையும் சில மாதங்களில் மாற்றியாக வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் அலட்சியம் ஆபத்தானது. வெதுவெதுப்பான நீரில் பெருகும் லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா, நீராவியோடும் நுண்துளிகளோடும் கலந்து நுரையீரலை அடைந்து கடும் நிமோனியாவை உண்டாக்கும். 1999ஆம் ஆண்டு நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பல் நகரில் நடந்த மலர்க் கண்காட்சியில், பார்வைக்கு வைத்திருந்த சுழல்நீர்த் தொட்டியிலிருந்து இந்நோய் பரவி ஏறத்தாழ 30 பேர் உயிரிழந்தனர். அந்தத் தொட்டிக்குள் எவரும் இறங்கிக் குளிக்கவில்லை, அருகே நடந்து சென்றவர்களே நோயுற்றார்கள். சூடோமோனாஸ் என்னும் மற்றொரு கிருமி தோலில் செந்நிறத் தடிப்புகளை ஏற்படுத்தும். குளிரில் கிருமி வளராது என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் தொட்டிக்குள் நிலவுவது வெப்பமண்டலம்தான்.

ஆகவே வாரத்துக்கு இரண்டு முறையேனும், அத்துடன் ஒவ்வொரு குளியலுக்கு முன்பும், சோதனைத் தாளால் நீரைப் பார்க்க வேண்டும். குளித்து முடித்ததும் கிருமிநாசினி இட வேண்டும். வாரம் ஒரு முறை குளோரின் இல்லாத ஆக்சிஜனேற்றி ஒன்றை இட்டு, மூடியை இருபது நிமிடம் திறந்துவைத்து வாயுக்களை வெளியேறவிட வேண்டும். இருவகை மருந்துகளை உலர்ந்த நிலையில் ஒன்றோடொன்று கலப்பது தீயையும் நச்சு வாயுவையும் உண்டாக்கக்கூடும். ஒரே கரண்டியை இரண்டுக்கும் பயன்படுத்துவதும் அதே அளவு ஆபத்தானது. மருந்துகளைக் குழந்தைகளுக்கு எட்டாத, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாம்படி: மூடி

குளிர்காலத்தில் செலவழியும் மின்சாரத்தின் பெரும்பகுதி நீரின் மேற்பரப்பு வழியாகவே வெளியேறுகிறது. ஆகவே ஒரு தொட்டி உரிமையாளர் பணம் செலவழிப்பதற்கு மிகத் தகுதியான பொருள் அதன் மூடிதான் என்பது என் உறுதியான கருத்து. புதிய விளக்குகளுக்கும் ஒலிபெருக்கிகளுக்கும் முன்பு அதைக் கவனிக்க வேண்டும்.

மூடியின் உள்ளே இருக்கும் நுரைப்பலகையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறை கிழிந்துவிட்டால், ஆவி உள்ளே புகுந்து பலகை நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒருவரால் எளிதாகத் தூக்க முடிந்த மூடியைத் தூக்க இப்போது இருவர் தேவைப்படுகிறார்கள் என்றால், அது வெப்பத்தைத் தடுக்கும் தன்மையை இழந்துவிட்டது என்று பொருள். உலர்த்திப் பார்ப்பதால் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். மூடியின் நடு மடிப்பில் ஆவி கசிகிறதா என்பதைக் குளிர்ந்த காலை நேரத்தில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த மடிப்புக்குள் காப்புப்பட்டை இல்லாத மூடிகளில் கசிவு அதிகம். நீரின் மேல் நேரடியாக மிதக்கும் மெல்லிய நுரைவிரிப்பு ஒன்றைக் கூடுதலாகப் போட்டால் ஆவியாதல் குறைவதோடு, மூடியின் அடிப்புறமும் நீண்டநாள் நன்றாக இருக்கும்.

பனி விழுந்தால் அதே நாளில் தள்ளிவிட வேண்டும். இரண்டு மீற்றருக்கு இரண்டு மீற்றர் அளவுள்ள மூடியின் மேல் 30 சென்றிமீற்றர் புதுப்பனி கிடந்தால் அதன் எடை 120 கிலோவை எட்டும். அது நனைந்து இறுகினால் இருமடங்காகும். மென்மையான துடைப்பத்தால் தள்ளுவதே முறை. உலோக மண்வாரி வினைல் உறையைக் கிழித்துவிடும். ஓரங்களில் பனிக்கட்டி ஒட்டிக்கொண்டு மூடி எழும்ப மறுத்தால் வலிந்து இழுக்கக் கூடாது. ஓரங்களில் வெந்நீரை மெதுவாக ஊற்றினால் விட்டுவிடும். கூரையின் விளிம்பிலிருந்து கூரிய பனிக்கூம்புகள் தொங்கும் இடத்தின் நேர்கீழே தொட்டி இருந்தால், அவற்றை அவ்வப்போது தட்டிவிட வேண்டும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் மூடியின் பூட்டுகளை ஒவ்வொரு முறையும் பூட்ட வேண்டும். இதில் விதிவிலக்கு எதுவும் கிடையாது.

நான்காம்படி: வடிகட்டி, நீர்மட்டம், மின்சாரம்

வடிகட்டி அடைத்துக்கொண்டால் நீரோட்டம் குறையும். நீரோட்டம் குறைந்தால் வெப்பமூட்டி தானே நின்றுவிடும். அது நின்றால் குளிர் உள்ளே வரும். கோடையில் வெறும் எரிச்சலாக முடிகிற அடைப்பு, ஜனவரியில் குழாய் வெடிப்பதில் முடியலாம். இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை வடிகட்டியை எடுத்து வீட்டுக்குள் நீர் பீச்சிக் கழுவ வேண்டும். மாதம் ஒரு முறை அதற்குரிய கரைசலில் இரவு முழுவதும் ஊறவைத்து அலச வேண்டும். மாற்று வடிகட்டி ஒன்று கையிருப்பில் இருந்தால் அழுக்கானதை எடுத்துவிட்டு உடனே அதைப் பொருத்தலாம்; உறைகுளிரில் ஈரக் கையோடு காத்து நிற்க வேண்டியதில்லை.

நீர்மட்டம், மேற்பரப்பு நீரை உள்ளிழுக்கும் மேல்வடிப்பானுக்குக் கீழே இறங்கினால் பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கும். குளிர்காலத்தில் ஆவியாதல் அதிகம் என்பதாலும், வெளிக்குழாய் அடைக்கப்பட்டிருக்கும் என்பதாலும், நிரப்புவதற்கான வழியை முன்பே யோசித்து வைக்க வேண்டும். சலவை அறைக் குழாயிலிருந்து நீளக் குழாய் ஒன்றை இழுத்து நிரப்பிவிட்டு, அதை வடித்து உள்ளே எடுத்து வைக்கலாம். சிறு குறைவுக்கு வாளி போதும்.

மின் இணைப்பு பெரும்பாலும் 240 வோல்ட் ஆக இருக்கும். ஒன்ராறியோவில் இந்த வேலைக்கு ஆள் அமர்த்தினால், அவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும். மின் பாதுகாப்பு ஆணையத்துக்கும் அறிவிக்க வேண்டும். கசிவுமின்னைத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ கருவியின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்த்து, மீண்டும் இயக்கியதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதை மறந்துவிட்டு உள்ளே சென்றால் தொட்டி மின்சாரமின்றி இரவைக் கழிக்கும்.

நேரத்துக்கேற்ற கட்டண முறையில், நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை வார நாட்களில் காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் மின்சாரம் மிக விலை உயர்ந்தது. இரவு 7 முதல் காலை 7 வரையும் வார இறுதி நாட்களிலும் குறைவு. வடிகட்டும் சுற்றுகளில் நீண்டவற்றை இரவில் அமைத்து, பகலில் குறுகிய சுற்று ஒன்றை வைத்தால் கட்டணமும் குறையும், நீரும் நெடுநேரம் நிற்காது. பெரும்பாலான தொட்டிகளில் உறைவுத் தடுப்பு வசதி உண்டு. உணரிகள் ஆபத்தான குளிர்ச்சியைக் கண்டால் பம்பைத் தாமாகவே இயக்கும். நள்ளிரவில் பம்ப் திடீரென ஓடுவதைக் கேட்டுப் பழுதென்று நினைத்து இணைப்பைத் துண்டித்துவிடக் கூடாது.

குளிக்கும் முறை

மேற்சொன்ன உழைப்பெல்லாம் இதற்காகத்தான். மேலே பனி தூவிக்கொண்டிருக்க, கழுத்துவரை வெந்நீரில் அமர்ந்திருக்கும் அனுபவம் கோடையில் கிடைக்காது. மேற்குக் கனடாவிலுள்ள பான்ஃபின் வெந்நீரூற்றுகளைத் தேடி மக்கள் குளிர்காலத்திலும் செல்வதன் காரணம் இதுவே.

வெப்பநிலை 40 பாகையைத் தாண்டக் கூடாது. 38 அல்லது 39 பாகை பெரும்பாலோருக்கு இதமாக இருக்கும். பதினைந்து முதல் இருபது நிமிடங்களுக்கு மேல் தொடர்ந்து இருக்க வேண்டாம். இரத்தக் குழாய்கள் வெப்பத்தில் விரிவதால் இரத்த அழுத்தம் இறங்கும். சட்டென்று எழுந்து நின்றால் தலைசுற்றி, பனிக்கட்டி படிந்த படியில் விழ நேரிடும். வெளியேறும்போது முதலில் விளிம்பில் சற்று அமர்ந்து, பிறகு படியில் இறங்க வேண்டும். மது அருந்திவிட்டு இறங்குவதும், எவருமில்லாத இரவில் தனியாக நெடுநேரம் இருப்பதும் உயிருக்கு ஆபத்தானவை. கர்ப்பிணிகளும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் தவிர்க்க வேண்டும். இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே பயன்படுத்த வேண்டும். நம்மிடையே நீரிழிவு பரவலாக இருப்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது: கால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு சரியாகத் தெரியாது, ஆகவே வெப்பமானியைப் பார்க்காமல் இறங்கக் கூடாது.

இன்னொன்றும் நம் வீடுகளுக்கே உரியது. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தேய்த்த தலையோடும் உடலோடும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. சனிக்கிழமை எண்ணெய் முழுக்குக்கும் இந்தக் குளியலுக்கும் இடையே ஒரு நாள் இடைவெளி இருக்கட்டும். ஓடும் ஆற்றிலும் கிணற்றடியிலும் எண்ணெய் போய்விடும். தொட்டியில் அதே நீர் மாதக்கணக்கில் சுற்றுகிறது. எண்ணெய் குளோரினைத் தின்றுவிடும், வடிகட்டியின் இழைகளில் ஒட்டிக்கொள்ளும், நீர்மட்டத்தில் பிசுபிசுப்பான வளையமாகப் படியும். எல்லோரும் சவர்க்காரமின்றி உடலை நன்கு அலசிக்கொண்டு, சலவைத்தூள் எச்சமில்லாத நீச்சலுடையோடு இறங்கினால், நீரைப் பற்றிய தொல்லைகளில் பாதி தோன்றவே தோன்றாது.

கதவிலிருந்து தொட்டிவரையிலான பாதையில் உப்புத் தூவ வேண்டாம். அது காலோடு நீருக்குள் வந்து உலோகத்தை அரிக்கும். மணலும் வடிகட்டிக்குள் போகும். வழுக்காத இரப்பர் விரிப்பும், அடிப்பிடிப்புள்ள செருப்பும் போதும். தலையில் கம்பளித் தொப்பி அணிந்தால் காது விறைக்காது. ஈரக்கூந்தல் உறைந்து நிற்பதையும் தவிர்க்கலாம். துவாலையையும் அங்கியையும் எட்டும் தூரத்தில் மூடியுள்ள பெட்டியில் வைக்க வேண்டும். காற்றுக் கட்டுப்பாட்டுக் குமிழ்களை மூடிவைப்பது நல்லது. அவை திறந்திருந்தால் வெளியிலுள்ள உறைகுளிர்க் காற்று நேராக நீருக்குள் செலுத்தப்பட்டு, வெப்பமூட்டி ஓடினாலும் சூடு இறங்கிக்கொண்டே போகும். இருவர் மட்டும் குளிக்கும்போது மூடியின் ஒரு பாதியை மட்டும் திறக்கலாம். குடிநீர் அருகில் இருக்கட்டும். வெந்நீரில் வியர்ப்பது தெரியாது.

மின்சாரம் நின்றால்

2013 டிசம்பரில் வந்த உறைமழைப் புயலில் ரொறன்ரோவில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. சில வீடுகளுக்கு நத்தாருக்குப் பின்பே மின்சாரம் திரும்பியது. அப்படியொரு நாள் மீண்டும் வரலாம் என்று எண்ணியே ஆயத்தமாக இருக்க வேண்டும்.

மின்சாரம் நின்றதும் மூடியைத் திறக்காமல், காற்றுக் குமிழ்களை மூடி, மேலே கம்பளிகளைப் போர்த்த வேண்டும். நல்ல மூடியுள்ள நிறைந்த தொட்டி பொதுவாக ஒரு நாள் வரை தாங்கும். முதலில் உறைவது தொட்டி நீரல்ல, தொட்டியைச் சுற்றியுள்ள வெளிப்பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களும் பம்பும்தான். சிறிய மின்னாக்கி இருந்தால், பெட்டிக்குள் எதிலும் உரசாதபடி குறைந்த வாட் வெப்ப விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டு அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம். மின்னாக்கியைக் கதவு, சன்னல்களிலிருந்து விலக்கித் திறந்த வெளியில் வைக்க வேண்டும். மின்சாரம் வரும் அறிகுறியே இல்லாமல் நீர் 10 பாகைக்குக் கீழே இறங்கினால், தொட்டியை வடித்துவிடுவதே மேல். ஏற்கெனவே உறைந்துவிட்டதென்று ஐயம் எழுந்தால், மின்சாரம் வந்தாலும் பம்பை இயக்கக் கூடாது. இணைப்பைத் துண்டித்து, பெட்டியை மெல்லச் சூடாக்கி, தொழில்நுட்பரை அழைக்க வேண்டும்.

ஊருக்குப் போகும்போது

ஒரு வாரம், இரண்டு வாரம் என்றால் வெப்பநிலையை 27 பாகை அளவுக்குக் குறைத்து, கிருமிநாசினியை நிலைநிறுத்தி, மூடியைப் பூட்டிவிட்டுச் செல்லலாம். இரண்டொரு நாளைக்கு ஒரு முறை வந்து பம்ப் ஓடுகிறதா என்று பார்க்க அயலவர் ஒருவரிடம் சொல்லி வைக்க வேண்டும். மின்பெட்டி எங்கே இருக்கிறது என்பதையும் அவருக்குக் காட்டிவிட வேண்டும். யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ இரண்டு மூன்று மாதங்கள் போகிறவர்கள், பார்த்துக்கொள்ள நம்பகமான ஆள் இல்லாவிட்டால், முழுவதுமாக வடித்துவிட்டுச் செல்வதே பாதுகாப்பானது.

வடிப்பதென்றால் அடிவரை வடிக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, நீரை வெளியேற்றி, ஈரத்தையும் இழுக்கும் தூசுறிஞ்சியால் ஒவ்வொரு பீச்சுக்குழலிலும் காற்றை ஊதியும் உறிஞ்சியும் மீதி நீரை எடுக்க வேண்டும். பம்பின் வடிகால் திருகையும் வெப்பமூட்டியின் இணைப்பு வளையங்களையும் திறந்து விட்டுவிட வேண்டும். வடிகட்டியை வீட்டுக்குள் எடுத்து உலர்த்த வேண்டும். எட்டாத வளைவுகளில் தங்கும் நீருக்காக, முகாம் வண்டிகளின் குடிநீர்க் குழாய்களுக்குப் பயன்படுத்தும் புரோப்பிலீன் கிளைக்கோல் வகை உறைதடுப்பியை ஊற்றலாம். கார் இயந்திரத்துக்குரிய எத்திலீன் கிளைக்கோல் நச்சுத்தன்மை கொண்டது என்பதால், அதை ஒருபோதும் தொட்டியில் ஊற்றக் கூடாது. திரும்பி வந்து நிரப்பும்போது, முதல் நிரப்பில் அந்த உறைதடுப்பி வெளியேறும்வரை ஓடவிட்டு அந்நீரை வடித்த பின்பு, இரண்டாம் நிரப்பிலிருந்து மருந்துக் கணக்கைத் தொடங்க வேண்டும்.